இத்தாலிக்காரர் குடித்த காபி

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆம்பூரில் கரண்டு திடமாக இருக்கும். தோல் பதனிடும் டேனரிகளில் டிரம் சுற்றாது. வீட்டு பல்புகள் சோகை பிடித்தாற்போல மினுங்காது. அதனால்தான் விருந்தாளியை ஞாயிறு மாலைக்கே வரச் சொல்லுங்கள் என்று ஒரு வாரமாகப் பூரணி சொல்லிக்கொண்டிருந்தாள். வார நாட்களில் அந்த மெஷின் பாதி மூச்சில் நின்றுவிடும்.

அவள் கணவன் தணிகைவேல் அதைக் கொண்டுவந்தது புரட்டாசியில். ஜியாவுதீன் சாஹிப்பின் டேனரியில் ஃபினிஷிங் செக்‌ஷன் அவன் பொறுப்பு. சாஹிப் அவனை எட்டு மாதப் பயிற்சிக்கு இத்தாலிக்கு அனுப்பிவைத்தார். போனவன் திரும்பியபோது பெட்டியில் மனைவிக்கு ஒரு கைக்குட்டைகூட இல்லை. ஓர் அட்டைப்பெட்டிக்குள் காகிதம் சுற்றிய காபி மெஷின்தான் இருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. மறுநாள் காலை அவன் சொன்னதுதான் பூரணிக்குத் தைத்தது. ஏழு வருஷமாக ஆசையாகக் குடித்த ஃபில்டர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தான்.

“இது காபியா? சிக்கரிக் கஷாயம்.”

ஆள் மெலிந்திருந்தான். பேச்சு குறைந்திருந்தது. கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்த்தான். அவனை எங்கே பிடித்துத் தன் பக்கம் இழுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மெஷின் ஒன்றுதான் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. அதைக் கற்றுக்கொள்வது என்று தீர்மானித்தாள்.

முதலில் எல்லாமே தோல்விதான். கடைத்தூளில் இருந்த சிக்கரி, சல்லடையில் பிசின் போல ஒட்டிக்கொண்டது. மெஷின் உறுமியதே தவிர ஒரு சொட்டு இறங்கவில்லை. பஜாரில் காபித்தூள் கடை பச்சையப்பனிடம் போய் நின்றாள்.

“சிக்கரி வேணாங்க. கொட்டைய மட்டும் நல்லா கறுக்க வறுத்துக் குடுங்க. ஃபில்டருக்கு அரைக்கறதவிட நைஸா. ஆனா மாவாட்டம் ஆயிடக் கூடாது.”

“சிக்கரி இல்லாத காபிய எவன் குடிப்பான்?” பச்சையப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “வூட்ல யாருக்காவது உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?”

அவர் கொடுத்த முதல் பொடியில் தண்ணீர் சல்லென்று ஓடிவிட்டது. அடுத்ததைக் கொஞ்சம் நைஸாக அரைத்தார். அது எரிந்த நாற்றத்தோடு சொட்டுச் சொட்டாக அழுதது. அவருக்கும் அவளுக்கும் பொறுமை போகிற நேரத்தில்தான் சரியான பதம் வந்தது.

தண்ணீரும் படுத்தியது. குழாயில் வருகிற உப்புத் தண்ணீரை ஊற்றினால் காபி கரித்தது. குடத்தில் விலைக்கு வாங்கும் குடிதண்ணீரை ஊற்றினாள். பொடியைக் கைப்பிடி வைத்த வடிகட்டியில் நிரப்பி, தோள் பலம் முழுவதையும் கொடுத்து நேராக அழுத்தவேண்டும் என்பது கை வலித்த பிறகு தெரிந்தது. ஒரு பக்கம் சாய்ந்தால் தண்ணீர் அந்தப் பக்கமே வழி கண்டுபிடித்து ஓடிவிடும். சரியாக அமைந்தால் எலிவால் போல மெல்லிய இழையாக இறங்கும். மேலே செம்மண் நிறத்தில் ஏடு கட்டும்.

பால்தான் கடைசிவரை அடங்கவில்லை. மெஷினின் பக்கவாட்டில் தும்பிக்கை போல நீட்டிக்கொண்டிருந்த குழாயில் ஆவி சீறி வந்தது. சொம்பில் பாலை வைத்து நீட்டினால் சோப்புத் தண்ணீர் போலக் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. எருமைப் பாலை விட்டுப் பசும்பாலுக்கு மாறினாள். பால் ஜில்லென்று இருந்தால்தான் நுரைக்க நேரம் கிடைக்கும் என்று புரிந்ததும், பக்கத்து வீட்டு தில்ஷாத்தின் ஃப்ரிஜ்ஜில் சொம்பை வைத்து எடுத்தாள்.

“உன் புருஷனுக்கு ஒரு காபி குடுக்கறதுக்கு நீ படற பேஜாரு இருக்கே!” என்று தில்ஷாத் சிரித்தாள். “எங்க வூட்டுக்காரரா இருந்தா மூஞ்சியிலயே ஊத்தியிருப்பேன்.”

குழாயின் நுனி பாலின் மேற்பரப்பை ஒட்டியபடி இருக்கவேண்டும். அப்போது காகிதம் கிழிகிற சத்தம் கேட்கும். பிறகு நுனியைக் கொஞ்சம் அமிழ்த்தினால் சத்தம் அடங்கி, பால் சுழல ஆரம்பிக்கும். சொம்பைப் பிடித்த கை இனித் தாங்காது என்கிறபோது நிறுத்திவிடவேண்டும். இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. தணிகைவேல் ஒவ்வொரு காலையும் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்து, “இது இல்ல,” என்று திருப்பிக் கொடுத்தான். அவ்வளவுதான் அவன் சொல்லிக்கொடுத்தது.

மார்கழியில் ஒருநாள் அவன் கோப்பையைக் காலி செய்தான். கண்ணை மூடி, “இதான்,” என்றான்.

அன்று முழுவதும் பூரணி சமையலறையில் முணுமுணுவென்று பாடிக்கொண்டே இருந்தாள்.

*

பொங்கல் முடிந்து இத்தாலியிலிருந்து ரெனாத்தோ வந்தார். சாஹிப்பின் டேனரியில் புது ஸ்ப்ரே மெஷினைப் பொருத்திக் கொடுக்க வந்த மெக்கானிக். தணிகைவேல் பயிற்சி பெற்ற ஊர்தான் அவருக்கும் சொந்த ஊர்.

“தணிகை வூட்டம்மா இத்தாலி காபி போடறாங்களாம்,” என்று யாரோ சாஹிப்பிடம் சொல்ல, சாஹிப் அதை ரெனாத்தோவிடம் சொல்லாமல், “ஞாயித்துக்கிழமை உங்க ஆள் வீட்டுக்குப் போறோம், ஒரு ஆச்சரியம் இருக்கு,” என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். ரெனாத்தோவும் வந்த நாளிலிருந்தே தணிகையின் அம்மாவைப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

தணிகைவேலுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் முதலாளி முடிவு செய்தபின் மறுக்க வழியில்லை.

ஞாயிறு காலை கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்த வாசனை இன்னும் போகவில்லை. அடிக்கும்போது கழற்றிய கல்யாண போட்டோ, செய்தித்தாளில் சுற்றி பீரோவுக்குப் பின்னால் கிடந்தது.

“மாட்டிடலாமே,” என்றாள் பூரணி.

“செவுரு ஈரமா இருக்கு. ஆணி நிக்காது. அப்புறம் பாத்துக்கலாம்.” தணிகைவேல் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே சொன்னான். “இன்னொண்ணு. அவங்க வந்தா நீ வெளிய வராத. காபிய அம்மா எடுத்துக்கிட்டு வரட்டும்.”

“ஏங்க?”

“வெளிநாட்டுக்காரன் முன்னாடி எதுக்கு நீ வந்து நின்னுக்கிட்டு? சொன்னா கேளேன்.”

பூரணிக்கு விநோதமாக இருந்தது. அந்த ஊரில் பொம்பளைகள்தான் கடையில் நின்று காபி போடுகிறார்கள், எல்லோரோடும் சரிசமமாகப் பேசுகிறார்கள் என்று வாய் ஓயாமல் புகழ்ந்தவன் இவன்தான்.

ஜில்லென்ற பாலை வாங்கப் போனபோது தில்ஷாத்திடம் சொன்னாள்.

“அரே! எங்க வூட்டு பர்தா உங்க வூட்டுக்கு எப்ப வந்துச்சு?” என்றாள் தில்ஷாத். பிறகு சிரிக்காமல் கேட்டாள்: “உண்மையில ஏன் வேணான்றாரு?”

பூரணி பால் சொம்பை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

*

மாலையில் சாஹிப்பின் கார் தெருமுனையில் நின்றது. ரெனாத்தோ நல்ல உயரம். நாற்பது வயதிருக்கும். மாமியார் தாயாரம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “மம்மா, மம்மா,” என்று குலுக்கினார். தாயாரம்மாளுக்கு வெட்கம் தாங்கவில்லை. சமையலறைக் கதவிடுக்கில் பார்த்த பூரணிக்குச் சிரிப்பு வந்தது.

மிக்சரும் லட்டும் கூடத்துக்குப் போயின. காபிக்கு மெஷினைச் சூடேற்றும்போது மசூதியில் பாங்கு சொன்னார்கள்.

சாஹிப் எழுந்தார். “நான் அஸர் தொழுதுட்டு வந்துடறேன். வந்துதான் காபி குடிப்பேன். தணிகை, நீ கொஞ்ச தூரம் கூட வா. ஸ்ப்ரே மெஷின் காம்ப்ரஸர் பத்திப் பேசணும்.”

தணிகைவேல் தயங்கினான். ஒரு தடவை சமையலறைப் பக்கம் பார்த்தான். பிறகு முதலாளியின் பின்னால் போனான்.

கூடத்தில் தாயாரம்மாளும் ரெனாத்தோவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூட இல்லை. குழாயில் தேங்கிய தண்ணீரை வெளியேற்றப் பூரணி ஆவியைத் திறந்தாள். அது புஸ்ஸென்று சீறியது.

ரெனாத்தோ சொந்த ஊர்க்காரர் யாரோ கூப்பிட்டதுபோலத் துள்ளி எழுந்தார். நேரே சமையலறைக்கு வந்துவிட்டார்.

“ஐயையோ, அங்க போவாதீங்க!” என்று தாயாரம்மாள் பின்னாலேயே வந்தாள். அவர் காதில் அது விழவே இல்லை. மெஷினைப் பார்த்தார், மேடையில் இருந்த பொடியை விரலால் நசுக்கிப் பார்த்தார், பூரணியைப் பார்த்துக் கைதட்டினார்.

ஆங்கிலம் அவருக்கும் அரைகுறை. பூரணிக்கும் அரைகுறை. வேலூரில் பி.யூ.சி. படித்தபோது கற்றது, பேச வராவிட்டாலும், மெல்லப் பேசினால் புரியும். இதை அவள் கணவன் எப்போதோ மறந்துபோயிருந்தான்.

“நீங்கள் பூரணி,” என்றார் ரெனாத்தோ.

தன் பெயர் அவருக்குத் தெரிந்திருப்பதில் அவளுக்குச் சந்தோஷம். தலையாட்டினாள். இழையாக இறங்கிய காபியைக் குனிந்து பார்த்து அவர் பாராட்டினார். அவள் சொம்பைக் குழாயின் கீழே பிடித்தாள். காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது.

“நல்லது, நல்லது. இப்போது உள்ளே,” என்று அவர் கையசைத்தார். பிறகு, வீட்டு விசேஷம் விசாரிக்கிற குரலில் கேட்டார்: “உங்கள் கணவர் சௌக்கியமா? காஷ்மீரில் இப்போது பனி அதிகமாக இருக்குமே?”

பூரணிக்குத் தான் தவறாகப் புரிந்துகொண்டோமோ என்று தோன்றியது. “என் கணவர் இங்கே,” என்றாள்.

“இங்கேயா? லீவில் வந்திருக்கிறாரா? தணிகை சொல்லவே இல்லையே! வீட்டில் மம்மா, ஒரு தங்கை பூரணி, தங்கையின் கணவர் ராணுவத்தில் என்றுதான் சொன்னான்.”

தங்கை. சிஸ்டர் என்ற சொல்லை அவர் சொன்னபோது பூரணி அவர் முகத்தையே பார்த்தாள். அதில் விளையாட்டு எதுவும் இல்லை. பீரோவுக்குப் பின்னால் கிடக்கும் போட்டோ நினைவுக்கு வந்தது. காலையில் அவன் சொன்ன ‘வெளிய வராத’ நினைவுக்கு வந்தது.

கேட்காமல் இருக்க முடியவில்லை. “இந்த மெஷின்... யார் வாங்கினது?”

“லூச்சியா! என் தங்கை.” அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “டேனரிக்கு எதிரில் அவளுக்குச் சின்ன காபிக் கடை. தணிகை தினமும் காலையில் அங்கேதான் நிற்பான். ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம். இந்த வீட்டுக்கு மருமகளாக வரும்போது நல்ல காபி இருக்கவேண்டும் என்று அவளே தேடி வாங்கினாள். மம்மாவுக்கும் உங்களுக்கும் அவள் கொடுத்த பரிசு.”

சொம்பு கையைச் சுட்டது. பூரணிக்கு விட வேண்டும் என்றே தோன்றவில்லை. பால் கொதித்து, நுரை சொரசொரத்து, விளிம்பைத் தாண்டி அவள் விரல்மேல் வழிந்தது. ரெனாத்தோதான் அவசரமாகத் திருகை மூடினார்.

“பால் வெந்துவிட்டது. பரவாயில்லை, பரவாயில்லை. வேறு பால் எடுங்கள்.”

அவள் விரலைத் தண்ணீரில் நனைத்தாள். வேறு பால் எடுத்தாள். இந்தத் தடவை கண்ணைக்கூட எடுக்காமல் செய்தாள். சத்தம், அமிழ்த்தல், சுழற்சி, நிறுத்தம். சொம்பை மேடையில் இரண்டு தட்டுத் தட்டியதும் கொப்புளங்கள் அடங்கிப் பால் பளபளத்தது. காபியின்மேல் ஊற்றி நீட்டினாள்.

ரெனாத்தோ ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார்.

“லூச்சியா போடுவது மாதிரியே!”

மூன்று மாதமாகப் பூரணி எதைத் தேடித் தேடிப் பிடித்தாள் என்பது அவளுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

“லூச்சியா... நல்ல பெண்ணா?” என்று கேட்டாள்.

“ரொம்ப நல்லவள். ஒருவன் ஏற்கனவே ஏமாற்றிவிட்டுப் போனான். தணிகை அப்படி இல்லை. மரியாதை தெரிந்தவன்.”

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தணிகைவேல் மட்டும் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தான்.

*

ரெனாத்தோ கோப்பையோடு கூடத்துக்குப் போனதும் தணிகைவேல் சமையலறைக் கதவை ஒருக்களித்தான். தாயாரம்மாள் உள்ளேயே நின்றாள்.

“வெளிய வராதன்னு சொன்னேன் இல்ல?”

“நான் வரல. அவர்தான் உள்ள வந்தாரு.”

“இன்னா சொன்னாரு?”

“காஷ்மீர்ல இருக்கற என் புருஷன் நல்லா இருக்காரான்னு கேட்டாரு.”

தணிகைவேல் மேடையைப் பிடித்துக்கொண்டான். மெஷின் சூட்டில் டிக் டிக்கென்றது.

“பூரணி, மெதுவா பேசு. அது பேப்பருக்குத்தான். அந்த ஊர் பொண்ணக் கட்டினாத்தான் அங்க நிரந்தரமா வேலை செய்ய விடுவான். ரெண்டு வருஷம். அப்புறம் உன்னையும் அங்க கூட்டிக்குவேன்.”

“எப்படிக் கூட்டிக்குவீங்க? தங்கச்சியாவா?”

அவன் கதவிடுக்கில் கூடத்தை எட்டிப் பார்த்தான்.

“பேப்பருக்குக் கட்டிக்கறவ, மருமகளா வர்ற வூட்ல நல்ல காபி இருக்கணும்னு மெஷின் வாங்கி அனுப்புவாளா? அவளுக்குத் தெரியுமா இது பேப்பருக்குன்னு?”

“அவளுக்கு... அப்புறம் சொல்லிக்கலாம்னு...”

“அப்போ நீ அவளையும் ஏமாத்தற.”

ஏழு வருஷத்தில் முதல்முறையாக அவள் வாயிலிருந்து ‘நீ’ வந்தது. இரண்டு பேரும் அதைக் கவனித்தார்கள்.

பூரணி மாமியார் பக்கம் திரும்பினாள். “அத்தே, உங்களுக்குத் தெரியுமா?”

தாயாரம்மாள் மருமகளைப் பார்க்காமல் மேடையில் வழிந்த பாலைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள். “பொங்கலுக்கு முன்னாடிதான் சொன்னான். பேப்பருக்குன்னுதான் எங்கிட்டயும் சொன்னான். இந்த வூடு உனக்குத்தான், சோறு துணிக்குக் குறை வெக்கமாட்டான். உன்ன யாரும் போகச் சொல்லல.”

“போட்டோவக் கழட்டினது நீங்களா?”

“ஏழு வருஷமா இந்த வூட்ல ஒரு தொட்டில் ஆடல பூரணி. நான் உன்ன ஒரு வார்த்த சொல்லியிருக்கேனா? நீயே சொல்லு.”

“இப்ப சொல்லிட்டீங்களே அத்தே.”

தாயாரம்மாளின் கை நின்றது.

வெளியே சாஹிப்பின் குரல் கேட்டது. தொழுகை முடிந்து வந்துவிட்டார். தணிகைவேல் மனைவியின் கையைப் பிடித்தான். சுட்ட விரல் அவன் பிடியில் எரிந்தது.

“சாஹிப் முன்னாடி மட்டும் மானத்த வாங்கிடாத. என் வேலை போயிடும். உன் கால்ல வேணும்னாலும் வுழறேன். அவங்க போகட்டும், நீ சொல்றபடி கேக்கறேன்.”

“கைய விடுங்க. காபி ஆறிடும்.”

*

சாஹிப்புக்குக் காபியைப் பூரணியே கொண்டுபோனாள்.

“வாம்மா,” என்றார் சாஹிப். “நீ ஏன் உள்ளயே இருக்கே? இன்னிக்கு ஹீரோவே நீதான்.” ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “யா அல்லா, கசப்பு ஜாஸ்தி! இதையா இவங்க ஊர்ல எல்லாம் குடிக்கறாங்க?”

ரெனாத்தோ சிரித்தார். தணிகைவேல் சுவரோரம் நின்றான்.

பூரணி தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். “சாஹிப், நீங்க எனக்கு ஒரு உதவி செய்யணும்.”

“சொல்லும்மா.”

“எனக்கு இங்கிலீஷ் சரியா பேச வராது. நான் சொல்றத இவருக்குத் தப்பில்லாம சொல்லிடணும்.”

“சாஹிப், அவ ஏதோ...” என்று தணிகைவேல் ஆரம்பித்தான். பூரணி நிறுத்தவில்லை.

“நான் அதோ நிக்கறாரே, அவரோட சம்சாரம்னு சொல்லுங்க. ஏழு வருஷம் முன்னாடி குடியாத்தத்துல எங்க கல்யாணம் நடந்துச்சு. நீங்ககூட வந்திருந்தீங்க.”

சாஹிப் வாய்விட்டுச் சிரித்தார். “இதப் போய் தனியா சொல்லணுமா? இது ஊருக்கே தெரிஞ்ச விஷயம்!” என்றாலும் ரெனாத்தோவின் பக்கம் திரும்பி, நல்ல ஆங்கிலத்தில், உற்சாகமாகச் சொன்னார். இவள் தணிகையின் மனைவி. கல்யாணத்துக்கு நானே போயிருந்தேன். ஏழு வருஷம் ஆகிறது.

“மனைவி?” என்றார் ரெனாத்தோ.

“ஆமாம், மனைவிதான். ஏன்?”

ரெனாத்தோ கோப்பையை ஸ்டூலின்மேல் வைத்தார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, சாஹிப்பிடம் சொன்னார். ஈஸ்டருக்குப் பிறகு இவனுக்கும் என் தங்கைக்கும் கல்யாணம். இந்தப் பெண்ணைத் தன் தங்கை என்று எங்கள் வீட்டில் சொல்லியிருக்கிறான்.

சாஹிப்பின் சிரிப்பு உடனே போகவில்லை. போகத் தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. பிறகு அவர் தணிகைவேலைப் பார்த்தார். பூரணியைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை.

“தணிகை,” என்றார். “உன்ன என் புள்ளையாட்டம் நெனச்சு அனுப்பி வெச்சேன். அங்க என் பேரச் சொல்லித்தான் உன்ன நம்பியிருக்காங்க.”

தணிகைவேல் சுவரிலேயே ஒட்டிக்கொண்டான். புதுச் சுண்ணாம்பு அவன் சட்டையில் ஏறிக்கொண்டிருந்தது.

ரெனாத்தோ எழுந்து அவன் அருகில் போனார். அடித்துவிடுவார் என்று பூரணி நினைத்தாள். அவர் அடிக்கவில்லை. இத்தாலிய மொழியில், தாழ்ந்த குரலில், நாலைந்து வாக்கியம்தான் சொன்னார். கேட்டதும் தணிகைவேல் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ரெனாத்தோ திரும்பிப் பூரணியின் எதிரில் நின்றார். நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்தினார். “ஸாரி, சின்யோரா,” என்றார், அவர் ஊரில் மணமான பெண்ணை அழைக்கும் சொல்லால். அவர் கண் கலங்கியிருந்தது. அவரும் சாஹிப்பும் வெளியே போனார்கள்.

கார் கிளம்பும் சத்தத்துக்காகப் பூரணி காத்திருந்தாள். கேட்கவில்லை.

தாயாரம்மாள் மகனின் பக்கத்தில் குந்தினாள். “இன்னாடா சொன்னான் அவன்? வேலைய வுட்டுத் தூக்கச் சொல்லிட்டானா? போலீசுக்குப் போறானா?”

தணிகைவேல் இல்லையென்று தலையை ஆட்டினான்.

“அப்புறம் இன்னா? வாயத் தொறந்து சொல்லேன்டா.”

“லூச்சியா முழுகாம இருக்காளாம்.” அவன் தரையைப் பார்த்தே சொன்னான். “எனக்கே இப்பத்தான் தெரியும். உங்கிட்ட நேர்ல நல்ல சேதியா சொல்லணும்னுதான் இன்னிக்கு வந்தாராம்.”

பூரணிக்குக் கையில் இருந்த தட்டு கனத்தது. வைக்க இடம் தேடினாள். வேலூர் ஆஸ்பத்திரிக்கு நடந்த நடை, திருத்தணிப் படியில் ஏறிய ஏற்றம், ஊரார் விசேஷங்களில் முன்வரிசைக்குப் போகாமல் ஒதுங்கி நின்றது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றன. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. யாராவது ஒருவர் ஒரு வார்த்தை தன் பக்கம் பேசினால் போதும் என்றிருந்தது. மாமியாரைப் பார்த்தாள்.

தாயாரம்மாள் மகனிடம் கேட்டாள்:

“எத்தனாவது மாசம்?”

“நாலு.”

தாயாரம்மாளின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தது. உதடு சத்தமில்லாமல் அசைந்தது. மாசி, பங்குனி, சித்திரை. வைகாசிக்கு வந்தபோது மருமகள் பார்ப்பதைக் கண்டு, கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வாசலில் யாரோ செருமினார்கள். சாஹிப்பின் டிரைவர் அப்துல் ஹமீத்.

“சாஹிப் கூப்புடறாரு.”

தணிகைவேல் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“உங்கள இல்ல சார்,” என்றார் ஹமீத், அவனைப் பார்க்காமல். “உங்க வூட்டம்மாவ. அந்த வெள்ளக்காரரும் கார்லதான் இருக்காரு. ஊருக்கு, தங்கச்சிக்கு ஃபோன் போடணும்னாரு. அதுக்கு முன்னாடி இன்னா சொல்றதுன்னு அம்மாகிட்ட கேக்கணுமாம்.”

பூரணி தட்டைத் தரையில் வைத்தாள். யாரையும் பார்க்காமல் படியிறங்கினாள். பக்கத்து வீட்டு ஜன்னலில் தில்ஷாத் நின்றிருந்தாள். தெருமுனையில் காரின் பின்கதவு திறந்திருந்தது.

“பூரணி!” தணிகைவேல் வாசல்வரை ஓடி வந்தான். “அவங்ககிட்ட இன்னா சொல்லப்போற?”

அவள் நடந்தாள். அது அவளுக்கே இன்னும் தெரியவில்லை.